அப்பா திருத்திய விடைகள்

“பூந்தொட்டிக்குத் தண்ணி விடறது பிடிக்குமா, கணக்கைச் சரிபார்க்கறது பிடிக்குமா?” என்று ராமமூர்த்தி கேட்டார்.

ரோஹிணி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதத்தில் டெல்லியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் பட்டாணி உரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். “தண்ணி விடறது” என்றாள்.

“தப்பு.”

“இதுல ரைட்டு தப்புன்னு ஒண்ணும் கிடையாதுன்னு புக்லயே போட்டிருக்கேப்பா.”

“அப்படித்தான் போடுவான். நீ மேத்ஸ் ஹானர்ஸ். தோட்ட வேலைக்கு லாயக்குன்னு ரிப்போர்ட் வந்தா நன்னா இருக்குமா? கணக்குன்னு போடு. அடுத்தது.”

ரோஹிணி மறுபேச்சு பேசாமல் கணக்கு என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். சமையலறையிலிருந்து மீனாக்ஷி, “பரீட்சையை அப்பறம் வெச்சுக்கோங்கோ, அந்தப் பட்டாணியை ஜல்தி குடுடி, குக்கர் வைக்கணும்” என்று குரல் கொடுத்தாள். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் சமையலறைக் குரலுக்கும் கூடத்துக் குரலுக்கும் நடுவே பெரிய தூரம் ஒன்றும் கிடையாது. ஹீட்டரின் சிவப்புக் கம்பிக்கு முன்னால் கால்களை நீட்டிக்கொண்டு, மடியில் புத்தகமும் காதில் பென்சிலுமாக ராமமூர்த்தி உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் மகளுக்கு அல்ல, அவருக்கேதான் மறுநாள் பரீட்சை என்று தோன்றும்.

பரீட்சை என்றால் அவருக்குப் பயமே கிடையாது. இருபது வயதில் கும்பகோணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து கடைநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், இன்றைக்கு ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். நடுவிலிருந்த படிகள் எல்லாவற்றையும் பரீட்சை எழுதித்தான் ஏறினார். கல்யாணத்துக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால்கூட ஒரு துறைத் தேர்வை முடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தார் என்று மீனாக்ஷி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். உலகத்தில் எந்தக் கதவுக்கும் ஒரு பரீட்சை உண்டு, அதற்கு ஒரு பழைய வினாத்தாள் உண்டு, அதைத் தேடிப் பிடித்துவிட்டால் கதவு திறந்துகொள்ளும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. இதுவரை அந்த நம்பிக்கை அவரைக் கைவிட்டதும் இல்லை.

ஆகவேதான், ரோஹிணியின் கல்லூரியிலிருந்து துறைத் தலைவர் போன் பண்ணியபோது முதலில் ஆடிப்போனவர் பிறகு நிதானத்துக்கு வந்தார். “நல்ல பெண், முதல் வருடம் பிரமாதமாகச் செய்தாள். இந்த வருடம் தசராவுக்குப் பிறகு வகுப்புக்கே வருவதில்லை. கேட்டால் பதில் இல்லை. பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பார்த்துச் சொன்னால் வருகைப் பதிவு விஷயத்தில் என்னால் ஏதாவது செய்ய முடியும்” என்றார் துறைத் தலைவர். கவுன்சலிங் என்ற சொல்லை ராமமூர்த்தி இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். அது மூளைக்கோளாறுக்காரர்கள் போகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அங்கே டெஸ்ட் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டெஸ்ட் என்றால் அது நம்ம டிபார்ட்மெண்ட்.

வகுப்புக்குப் போகாமல் எங்கே போகிறாய் என்று அவர் மகளிடம் கேட்கத்தான் செய்தார். அவள் தரையைப் பார்த்தாள். கேன்டீனில் சிநேகிதிகளோடு அரட்டை, வேறு என்ன என்று அவரே பதிலையும் சொல்லிக்கொண்டு, ஒரு மணி நேரம் அறிவுரை வழங்கி, அந்த விவகாரத்தை முடித்துவைத்தார். அதன் பிறகு காரியத்தில் இறங்கினார். அலுவலக நண்பர் ஏகாம்பரத்தின் பையன் போன வருடம் அதே மையத்தில் டெஸ்ட் எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று துருவி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகச் சந்தையில் காலையிலிருந்து குனிந்து குனிந்து தேடி, அதே மாதிரிக் கேள்விகள் அடங்கிய தடிமனான ஒரு பழைய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரும்பாலும் எது பிடிக்கும் எது பிடிக்காது என்ற கேள்விகள். நடுநடுவே தூக்கம், பசி, மனசு, பயம் என்று வேறு தினுசான கேள்விகள். இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் நடத்தினார்.

நடத்தினார் என்பதைவிடத் திருத்தினார் என்பதுதான் சரி. அவருடைய செக்ஷனில் எந்த டிராஃப்டும் அவர் பென்சில் படாமல் மேலே போனதில்லை. நன்றாகவே எழுதியிருந்தாலும் ஒரு கமாவையாவது நகர்த்திவைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மகள் சொல்லும் பதிலும் அவர் காதில் ஒரு டிராஃப்டாகத்தான் விழுந்தது. கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், சரியான பதிலைச் சொல்வார், அவளைத் திருப்பிச் சொல்லவைப்பார். பத்துப் பதினைந்து நாள் ஆனதும் ரோஹிணி தயங்காமல் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ராமமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெண் மட்டும் மனசு வைத்தால் ஸ்டாடிஸ்டிகல் சர்வீஸ் பரீட்சையே எழுதிவிடலாம் என்று மீனாக்ஷியிடம் சொன்னார்.

டெஸ்ட் முடிந்து வந்த அன்று, “எப்படி எழுதினே?” என்று வாசலிலேயே கேட்டார்.

“நீ சொன்ன மாதிரியேப்பா” என்றாள் ரோஹிணி. அவர் அன்று சாயங்காலமே மலை மந்திருக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் அவள் மையத்துக்குப் போய்த் திரும்பி வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “மறுபடி எழுதணுமாம்ப்பா. இது உன்னோட ஆன்சர்ஸ் மாதிரி இல்லை, யாரோ சொல்லிக்குடுத்து எழுதின மாதிரி இருக்குன்னு மேடம் சொல்லிட்டா. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம்.” இதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தமோ பயமோ இல்லை. காய்கறிக்காரன் இன்றைக்கு வரவில்லை என்று சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராமமூர்த்தி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மால்பிராக்டிஸ். எத்தனையோ பரீட்சை எழுதிய காலத்தில் பக்கத்து மேஜைக்காரனிடம் ரப்பர்கூடக் கடன் கேட்டதில்லை. அவருடைய மகள் பரீட்சையில் மோசடி செய்து மாட்டிக்கொண்டாள் என்றால், அதற்குக் காரணமும் அவரேதான் என்றால், அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இதற்கெல்லாம் தண்டனை என்ன என்பது அவருக்குத் தெரியும். டிபார் பண்ணி, மூன்று வருடம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாமல் செய்துவிடுவார்கள். பெண்ணின் வாழ்க்கையே போச்சு. அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. ‘இதன் கீழ்க் கையொப்பமிடுபவர் தமது அறியாமையால்’ என்று தொடங்கும் ஒரு விளக்கத்தை மனசுக்குள் ஆங்கிலத்தில் எழுதி எழுதித் திருத்திக்கொண்டிருந்தார். காலையில் லீவு சொல்லிவிட்டு, கழுத்து டையைக் கட்டிக்கொண்டு, “கிளம்பு, போகலாம். நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கறேன்” என்றார்.

“இதுக்கு எதுக்குப்பா லீவு?” என்று மட்டும் ரோஹிணி கேட்டாள்.

மையம் ஒரு பழைய மஞ்சள் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வராந்தாவில் நாலைந்து மாணவர்கள் நாற்காலிகளில் இடைவெளி விட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமமூர்த்தி டையைத் தொட்டுச் சரிசெய்தபடி கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் படித்தார்: டாக்டர் செல்வி அழகர்சாமி. தமிழ்ப் பெயர்தான். அது நல்லதா கெட்டதா என்று அவருக்குப் புரியவில்லை. ஊர்க்காரி என்றால் இரக்கம் காட்டலாம். ஊர்க்காரி என்றால் விஷயம் ஊருக்கெல்லாம் பரவவும் செய்யலாம். ரோஹிணியை வெளியே டீக்கடை அருகில் வெயிலில் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். பருத்திச் சேலைமேல் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். பேச்சில் விருதுநகர்ப் பக்கத்து வாடை இருந்தது. அப்பா ராணுவத்தில் இருந்ததால் வடக்கே வளர்ந்தவள் என்பது பிறகு தெரிந்தது. “வாங்க சார், உக்காருங்க” என்றாள்.

ராமமூர்த்தி உட்காரவில்லை. “மேடம், என் பொண்ணு காப்பி அடிக்கலை. அவ மேல தப்பே இல்லை. எல்லாம் நான் பண்ணினது. என்ன ஆக்ஷன் எடுக்கறதா இருந்தாலும் என் மேல எடுங்கோ. எழுதிக் குடுக்கணும்னா எழுதிக் குடுத்துடறேன். அவளை மட்டும் டிபார் பண்ணிடாதீங்கோ.” ராத்திரி முழுவதும் தயாரித்த ஆங்கிலம் அத்தனையும் மறந்துபோய், தமிழில் இவ்வளவுதான் வந்தது.

செல்வி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் உடைந்துபோயிருப்பார். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “முதல்ல உக்காருங்க சார். இங்க யாரையும் டிபார் பண்றதில்லங்க. இது பாஸ், ஃபெயில் போடுற டெஸ்டே கிடையாது. அந்தப் பிள்ளை எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“ரீடெஸ்ட் உண்டுன்னு சொன்னாளே?”

“உண்டு. படிச்சுட்டு மட்டும் வரக்கூடாது.”

“படிக்காம எப்படி மேடம் டெஸ்ட் எழுதறது?” என்று அவர் நிஜமாகவே கேட்டார். அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு சங்கதி நடந்ததே இல்லை.

செல்வி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிறகு, “எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க? அதைச் சொல்லுங்க, கேப்போம்” என்றாள்.

தண்டனை இல்லை என்றானதும் ராமமூர்த்திக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் எப்போதுமே விவரமாகச் சொல்வார். ஏகாம்பரத்தின் பையன், தரியாகஞ்ச், புத்தகம், பென்சில் எல்லாம் சொன்னார். “முதல்ல அவளாச் சொல்லுவா. அதுல எது சரிப்படாதோ அதை நான் மாத்துவேன். செடிக்குத் தண்ணி விடறதுன்னா, கணக்குன்னு மாத்தினேன். குழந்தைகளோட விளையாடறதுன்னா, லைப்ரரின்னு மாத்தினேன். கூட்டத்துல பேசப் பிடிக்குமான்னு இருந்தது. இல்லைன்னா. ஆமாம்னு மாத்தினேன், இன்டர்வியூவுக்கு அது முக்கியம். காலம்பற எழுந்துக்கறபோது அன்னிக்குப் பொழுது நன்னா போகும்னு தோணுமான்னு ஒண்ணு. தோணாதுன்னா. தோணும்னு போடுன்னேன். ராத்திரி நன்னாத் தூங்கறியான்னு கேட்டிருந்தது, அதுக்கும் இல்லைன்னுதான் சொன்னா, நான்...”

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“அப்பறம் ஒண்ணு” என்றார். “எல்லாரும் இருக்கற எடத்துலகூட நீ மட்டும் தனியா இருக்கற மாதிரித் தோணுமான்னு. எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, கிடையவே கிடையாது. நாலுல ஒண்ணு. அவ...”

கூடம் கண்முன்னே வந்தது. ஹீட்டர், பட்டாணித் தோல், சமையலறையில் குக்கர் விசில். தலையை நிமிர்த்தாமல் அவள் ‘எப்பவும்’ என்று சொன்னாள். அவர் சொன்னதும் அவருக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. ‘எப்பவும்னு போடாதே, பைத்தியம்னு நெனைப்பா. கிடையவே கிடையாதுன்னு போட்டா பொய்னு கண்டுபிடிச்சுடுவா. எப்பவாவதுன்னு போடு, அதான் சேஃப். அடுத்தது.’ தன்னுடைய சாமர்த்தியத்தை நினைத்து அப்போது லேசாகச் சிரித்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. வீட்டில் மூன்றே பேர். தன் பெண் தன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள், தான் அதை அடித்துவிட்டு வேறு வார்த்தை போட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது ராமமூர்த்திக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அவ என்ன சொன்னான்னு எங்கிட்ட நீங்க சொல்ல வேணாம் சார்” என்றாள் செல்வி மெதுவாக. “அதை அவ வந்து சொல்லட்டும். இந்த வாரமே வரச் சொல்லியிருக்கேன், அவகூடப் பேசுவேன், அதை நான் பாத்துக்கறேன். ஆனா நான் டெஸ்ட் வெச்சுத் தேடுறதை அவ உங்ககிட்ட நேராவே சொல்லியிருக்கா. அவ சொன்னதும் நீங்க அடுத்தாப்ல என்ன கேட்டீங்க?”

அன்றைக்கு ராமமூர்த்தி கேட்டது புத்தகத்திலிருந்த அடுத்த கேள்வியைத்தான். அது என்ன கேள்வி என்பதும் அவருக்கு நினைவிருந்தது: இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பிடிக்குமா? எழுந்து கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் அதே மாணவர்கள் அதே இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

டீக்கடை பக்கத்தில் ரோஹிணி கண்ணாடி டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “என்னப்பா சொன்னா? டிபார் பண்றாளா?” என்று கேட்டாள். கேலியா கவலையா என்று தெரியவில்லை.

“ஒண்ணும் இல்லை. அதெல்லாம் கிடையாதாம்” என்றார். அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்து, “டீ சூடா இருக்கா?” என்றார்.

மால் ரோட்டுக்கு நடந்துபோய் முத்ரிகா பஸ்ஸுக்காக நின்றார்கள். ரிங் ரோட்டையே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி அது. ஏறி உட்கார்ந்து பேசாமல் இருந்தால் ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். மத்தியான வேளை, கூட்டம் இல்லை. பின்வாசலருகே தன் இருக்கையில் சாய்ந்திருந்த கண்டக்டர் ரோஹிணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இந்தியில், “வா மகளே, நாலு நாளாக் காணோமே? இன்னிக்கு எங்கேயாவது இறங்கற உத்தேசம் உண்டா, இல்லை வழக்கம்போலச் சுத்தப்போறியா?” என்று கேட்டார்.

ரோஹிணியின் கை பாஸை நீட்டியபடியே நின்றது. கண்டக்டர் அதற்குப் பிறகுதான் பின்னால் நின்ற டை கட்டிய மனிதரைக் கவனித்தார். “பாபுஜியும் கூட வந்திருக்காரா? அச்சா, அச்சா” என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழிப்பதில் மும்முரமானார்.

அவர்கள் ஜன்னலோரம் ஓர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் அவர், நடுவழிப் பக்கம் அவள். ஆசாத்பூர் போயிற்று, பஞ்சாபி பாக் போயிற்று. கேன்டீனும் இல்லை, சிநேகிதிகளும் இல்லை. தசராவிலிருந்து காலையில் தலை வாரி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய தன் பெண் இந்த வண்டியில் உட்கார்ந்து டெல்லியைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த டப்பாவை எங்கே திறந்து சாப்பிட்டிருப்பாள் என்று யோசித்தபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்ட வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

நாராயணா தாண்டியதும் ராமமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்க அவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அந்தப் புத்தகத்துக் கேள்விகள்தான்.

“எல்லாரும் இருக்கற எடத்துலகூட...” என்று ஆரம்பித்தார். குரல் பிசிறியது. “நீ மட்டும் தனியா இருக்கற மாதிரித் தோணுமா?”

“எப்பவாவது” என்றாள் ரோஹிணி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. துளித் தயக்கம் இல்லை. அவர் விரும்பிய மாதிரியே, நன்றாகப் பழகிய பதில்.

“அது நான் சொன்னது” என்றார். “நீ என்ன சொன்னே?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுடைய கண்கள் அவர் நெற்றியில், புருவத்தில், உதட்டில் நிதானமாக ஊர்ந்தன. எதையோ தேடுகிறாள் என்பது மட்டும் முதலில் தெரிந்தது. எதை என்பது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு நிமிரும்போதெல்லாம் தன் மேலதிகாரியான அண்டர் செக்ரட்டரியின் முகத்தில் அவர் தேடியதும் இதைத்தான். எது சொன்னால் சரியாக இருக்கும்? எது சொன்னால் இவருக்குப் பிடிக்கும்? அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா! இத்தனை வருடமும் சம்பளத்துக்காக அவர் பார்த்த பார்வையை அவருடைய பெண் வீட்டிலேயே பழகியிருக்கிறாள்.

அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமலிருக்கப் பார்த்தார். அவரால் முடியவில்லை. தாடை நடுங்கியது. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதிலிருந்தும் ஏதாவது ஒரு பதிலைத் தயார் பண்ணிவிடுவாள்.

ராமமூர்த்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில்கூடத் தன் முகம் அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஜன்னலை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டார். குளிர்காற்று அறைந்தது. வெளியே தௌலா குவானின் அகலமான சாலை விரிந்தது; ஒரு டிரக்கின் மேல் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேர் படுத்துத் தூங்கிக்கொண்டே போனார்கள். அடுத்தது மோதி பாக், அதற்கடுத்தது அவர்கள் இறங்க வேண்டிய இடம். அவர் எழுந்திருக்கத் தயாராகவில்லை. முகத்தைத் திருப்பாமலே முதுகுப் பக்கமாக ஒரு கையை அவளை நோக்கி நீட்டி, இருக்கையின் மேல் வைத்தார். வண்டியின் இரைச்சலுக்கு நடுவே, ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வது கேட்டது.